முடிதிருத்தகத்தில் திறந்த பெட்டகம்

சிலெஞ்சே, லுசாக்கா
சனிக்கிழமை

மரியாதைக்குரிய சொங்கோ மாமாவுக்கு, உங்கள் அக்கா மகன் கபாம்ப்வே நம் வழக்கப்படி மண்டியிட்டு, கைதட்டி வணங்கி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். என்டோலாவில் நீங்களும் அத்தையும் சுகமாக இருப்பீர்கள் என்றும், கரண்ட் எங்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வருகிறது என்றும் நம்புகிறேன்.

நாடும் வீடும் அறிய ஒரு முக்கிய அறிவிப்பு. நம் குடும்பத்துக்காக நீங்கள் போட்டுக்கொடுத்த பாஸ்வேர்டு மேனேஜரின் கிளவுட் ஒத்திசைவு, அதாவது ஓரிடத்தில் போட்டது வீட்டார் போனுக்கும் உங்கள் போனுக்கும் தானே போகிற வசதி, சென்ற செவ்வாய்க்கிழமை, வீட்டுக் கம்ப்யூட்டரில், விழா ஏதுமின்றி, ஒரே ஒரு விரலால் நிறுத்தப்பட்டது. விரல் என்னுடையது.

காரணம் பாதுகாப்பு. கிளவுடில் வைத்தது களவு போகும் என்று எங்கேயோ படித்தேன். அம்மா கடைக் கணக்கு, அப்பா பேங்க், அக்கா படிப்பு எல்லாம் ஒரே பாஸ்வேர்டு பெட்டகத்தில் இருக்கும்போது வீட்டுக்கு ஒரு காவல்காரன் வேண்டாமா? நானே என்னை நியமித்துக்கொண்டேன். சம்பளம் கிடையாது.

புதன்கிழமை கசுபா அக்கா அதே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து நர்சிங் பயிற்சிக்கு விண்ணப்பம் ஆரம்பித்தாள். அதற்கென்று புதிதாக ஒரு மெயிலும் திறந்தாள். இரண்டுக்கும் பெட்டகமே பாஸ்வேர்டு போட்டுக்கொடுத்தது, கோழி கிளறின மாதிரி நீளமாக. பாஸ்வேர்டு மறந்தால் மீட்பதற்கான எண்ணாக அப்பாவின் பழைய நம்பரைக் கொடுத்தாள், அந்த சிம் செத்து எத்தனையோ நாளாகிறது. சான்றிதழ் போனில்தான் இருக்கிறது, போகிற வழியில் ஏற்றிக்கொள்ளலாம் என்று சித்தி மகள் கல்யாணத்துக்குக் காசாமா பஸ் ஏறிவிட்டாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் போன் வருகிறது.

"டேய், என் போன்ல அந்த பாஸ்வேர்டே இல்லடா. இன்னைக்கு சாயங்காலம் விண்ணப்பத்த மூடிடுவாங்க. போன வருஷமும் போச்சு, இந்த வருஷமும் போனா நான் அம்மா கடையில தக்காளி அடுக்கிட்டு உக்கார வேண்டியதுதான்."

அவள் என்னைத் திட்டவில்லை, மாமா. அதுதான் பயமாக இருந்தது.

வீட்டில் கரண்ட் இல்லை. நம் கம்ப்யூட்டர் மேஜையில் வைக்கிற ரகம், பேட்டரி கிடையாது. பெட்டியை மட்டும் தள்ளுவண்டியில் ஏற்றி, அம்மா இடுப்பில் சுற்றிக்கட்டும் சித்தெங்கேத் துணியால் குழந்தையைப்போல் போர்த்தி, ஜெரே அண்ணனின் முடிதிருத்தகத்துக்குத் தள்ளினேன். தெருவில் சோலார் அங்கேதான். முடி வெட்டுகிற இடத்தில் முடியாதது எது?

ஜெரே அண்ணன் ங்கோனி இனம், நாம் பெம்பா இனம். இரண்டு இனமும் ஒன்றையொன்று கேலி செய்யும் முறை, சும்மா விடுவாரா?

"என்னடா பெம்பா, பெட்டிக்கு மொட்டை போடணுமா?"

"உங்க ஆளுங்க எலி பிடிச்சுத் திங்கப் போனப்ப உங்களக் கடையில விட்டுட்டுப் போயிட்டாங்களாண்ணே? ஒரு பிளக் கொடுங்க, அக்கா படிப்பு."

"படிப்புன்னா சரி. குரங்கு தின்கிற கூட்டத்துல ஒரு நர்சாவது வரட்டும்." அவர் கத்தரிப்பு மெஷினைப் பிடுங்கிவிட்டு நம் பெட்டியைச் செருகினார். சோலார் இரண்டையும் தாங்காது. நாற்காலியில் ஒருவர் பாதித் தலையோடு உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, என் மறுபாதி?"

"அது எங்கேயும் ஓடாது, இருங்க."

திரை கொண்டுவரவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கடை டிவியில் மாட்டினோம். பெஞ்சில் இருந்தவர்கள் பந்தாட்டம் போனதே என்று முனகி, பிறகு நம் பெட்டகத்தை அதே ஆர்வத்தோடு பார்த்தார்கள். பாஸ்வேர்டுகள் புள்ளிகளாகத்தான் தெரிந்தன. நான் அக்காவுடையதைத் திறந்து, போனில் உரக்கப் படித்தேன்.

"பெரிய ஜி, சின்ன க்யூ, ஏழு, ஆச்சரியக்குறி..."

"ஏழா, ஏயா?"

"ஏழு, வாரத்துல எத்தனை நாளோ அந்த ஏழு" என்று பெஞ்சு மொத்தமும் கத்தியது.

சுருக்கமாகச் சொன்னால், சாயங்காலத்துக்குள் அக்கா உள்ளே நுழைந்தாள், சான்றிதழ் ஏறியது, "விண்ணப்பம் கிடைத்தது" என்று பதில் வந்தது. அக்கா போனில் அழுதாள். பெஞ்சு கைதட்டியது. குடும்பத்தின் மானத்தைக் காப்பாற்றியவன் யார் என்று நானே சொன்னால் நன்றாக இருக்காது. அதனால் எழுதுகிறேன், நான்தான்.

என் போனை அம்மா வாங்கி வைத்துக்கொண்டிருப்பதால் இதை பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். கூடவே கொறிப்பதற்கு அம்மா கொடுத்த வறுத்த புழு ஒரு பொட்டலம், உப்பு சரியாக இருக்கும். அத்தைக்கு என் வணக்கம். உங்கள் வீட்டுச் சட்டி காயாமலும் விளக்கு அணையாமலும் இருக்கட்டும்.

உங்கள் பணிவான
கபாம்ப்வே

பி.கு.: மாமா, நான் படித்துச் சொன்னது ஒருமுறைகூடச் சரியாகப் போய்ச்சேரவில்லை. இன்னும் ஒரு தப்பு போட்டால் கணக்கைப் பூட்டிவிடுவோம் என்று வந்துவிட்டது. பாதித்தலைக்காரர்தான், "தம்பி, நிறுத்தினத மறுபடி போட்டுவிட்டா அதுவே போயிடாதா?" என்றார். அவர் போன் நெட்டிலேயே போட்டேன். கண்மூடித் திறப்பதற்குள் எல்லாம் அக்கா போனுக்குப் போய்விட்டது. எல்லாம் என்றால் எல்லாம். நான் நிறுத்தியது களவுக்குப் பயந்து அல்ல. பந்தாட்ட நேரத்தில் அக்கா தொடர் பார்க்கக் கூடாது என்று டிவிச் சந்தாவின் பாஸ்வேர்டை மாற்றினேன், அது அவளுக்குத் தெரியக் கூடாது, அவ்வளவுதான். அந்தப் புது பாஸ்வேர்டு உங்கள் தொப்பையைப் பற்றியது. உங்கள் பெயரோடு, பெரிய எழுத்தில். ஜெரே அண்ணனை என்ன சொன்னாலும் சிரிப்பார், தாய்மாமனைச் சொல்லக் கூடாது என்பது எனக்குத் தெரியும். இன்று காலை அதை மரியாதையான ஒன்றாக மாற்றிவிட்டேன், ஆனால் அது கிளம்புவதற்குள் கரண்ட் போய்விட்டது. ஆகவே பழையதுதான் இன்னும் உங்கள் போனில் இருக்கிறது. நீங்கள் பார்த்திருந்தாலும் பார்க்கவில்லை என்று சொல்லிவிடுங்கள். நான் நம்பிவிடுகிறேன்.