இழுத்து விடுதல்

அச்சடிக்கிற பொத்தானும் அழிக்கிற பொத்தானும் ஒட்டி ஒட்டி இருந்ததுதான் தொந்தரவின் ஆரம்பம். பில்லை அச்சடிக்கப் போன கணக்குப்பிள்ளை பொன்னுவேல் மறுபடியும் அதை அழித்துவிட்டிருந்தார்.

ஏரிச்சாலை லாட்ஜுக்குக் கம்ப்யூட்டர் வந்து ஒரு சீசன்கூட ஆகவில்லை. முதலாளி திருமலைச்சாமியின் மகன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தது. திரையின் அடியில் வரிசையாகச் சின்னப் படங்கள். கட்டில் என்றால் அறைக் கணக்கு. காகிதம் என்றால் அச்சு. குப்பைத்தொட்டி என்றால் அழிப்பு. அவற்றைப் பொத்தான்கள் என்றான் மகன். திரும்பிப் போகுமுன், "உங்க வசதிக்கு எதை எங்க வேணும்னாலும் இழுத்து விட்டுக்கலாம் அங்கிள்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

பொன்னுவேலின் மனம் வில்பட்டியில் கிடந்தது. அவரைத் தூக்கி வளர்த்த அக்கா மாரியாயி அங்கே படுக்கையில் இருந்தாள். அவளுக்கு அவரைத் தவிர யாருமில்லை. "நான் போறப்ப உன் கையால ரெண்டு சொட்டுப் பால் ஊத்தணும்லே," என்று ஒரே ஒரு முறை கேட்டிருந்தாள். இருவரும் வெகுநேரம் ஓட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

லீவு கேட்டதற்கு முதலாளி மறுக்கவில்லை. "மிஷினை நேராக்கிக் குடுத்துட்டு, அக்கா பக்கத்துல போயி இருய்யா."

அதனால்தான் குப்பைத்தொட்டியை ஒதுக்குப்புறமாக இழுத்தார். மவுஸின் வயர் மேசை விளிம்பில் மாட்டியது. கை நழுவி, தொட்டி கட்டிலின் மேல் விழுந்தது. அதற்குப் பிறகு கட்டிலைத் தொட்டால் கட்டிலில் இருந்தவர்கள் அழிந்தார்கள். வராந்தாவில் டீ குடித்துக்கொண்டிருந்த புதுமணத் தம்பதி, மிஷினைப் பொறுத்தவரை உலகத்திலேயே இல்லை.

இடம் பண்ணுவதற்காகக் காகிதத்தை நகர்த்தினார். அது திரையின் ஓரத்துக்குப் போய் விளிம்புக்குள் ஒளிந்துகொண்டது. ஒரு கீற்றுதான் வெளியே தெரிந்து துடித்தது. இழுத்தால் கொஞ்சம் வந்தது, பிறகு பழையபடி உள்ளே போய்விட்டது.

வராந்தாவில் பில்லுக்காகப் பெட்டிகளோடு ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். முதலாளி மகனின் கூட்டாளி, மதுரையில் இருக்கும் மணியனுக்கு டிரங்க் கால் போட்டார். லைன் கரகரத்தது. அதிர்ந்து பேசாத பொன்னுவேல் அன்று கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"காலையிலேருந்து இழுத்துக்கிட்டே கெடக்கு தம்பி. விடவும் மாட்டேங்குது."

மணியன் என்னவோ கேட்டான்.

"சத்தமே இல்ல. ஒரு துடிப்பு மட்டும் இருக்கு. கொஞ்சம் வருது, திரும்ப உள்ள போயிருது."

"..."

"இன்னைக்கே முடிஞ்சுட்டாத் தேவலை. எல்லாரும் காத்துக்கிட்டு நிக்கிறாங்க."

ஜன்னலுக்கு வெளியே நின்ற வாட்ச்மேன் பிச்சையா, தலையில் சுற்றியிருந்த மப்ளரை மெல்ல அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். வாசலில் காய்கறி இறக்க வந்த வில்பட்டி ஜீப்புக்காரனைத் தனியே கூப்பிட்டார்.

சாயங்காலம் பொன்னுவேல் பஸ்ஸை விட்டு இறங்கியபோது வீட்டு வாசலில் கூட்டம் இருந்தது. மூங்கில் வெட்ட ஆள் போயிருந்தது. பண்ணைக்காட்டிலிருந்து வந்த மூக்கம்மா சித்தி அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். உள்ளே, மாரியாயி சுவரில் சாய்ந்து பால் விட்ட கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னலே, அதுக்குள்ள என்னைய அனுப்பி வச்சுட்டியாக்கும்?"

"மிஷின்ல ஒரு பொத்தான்க்கா. அதத்தான் இழுத்துக்கிட்டு கெடக்குன்னேன்."

"போயிருச்சா?"

"இன்னும் இல்ல."

"சித்தி அழுத அழுகைக்கு நானே போயிருக்கலாம். பாவம், அம்புட்டுத் தூரத்துலேருந்து வந்துருக்கு."

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறி, நெடுநேரம் கழித்து அடங்கியது. அவள் கை அவர் மணிக்கட்டிலேயே இருந்தது.

"நெசமா இழுக்குறப்ப ஆள் விடுறேன். வந்துருவேல்ல?"

"வந்துருவேன்க்கா."

விடிந்ததும் லாட்ஜுக்கு வந்தவர், முதலில் பிச்சையாவிடம்தான் போனார்.

"ஏம்ப்பா, இங்க இழுத்துக்கிட்டு கெடக்குன்னா மிஷினுன்னு அர்த்தம். எங்க அக்கா இல்ல. ஊரே கூடி அழுதுருச்சு."

பிச்சையா கூனிக் குறுகிப் போனார். "தப்புதாண்ணே. இனிமே வெவரமா இருந்துக்கிடுறேன்."

அன்றைக்குப் பொன்னுவேல் மணியன் சொன்னபடியே செய்தார். மேசையை நகர்த்தி வயரை விடுவித்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு, கீற்றை அமுக்கியபடி இழுத்தார். காகிதம் முழுதாக வெளியே வந்தது. சேர வேண்டிய இடம் வந்ததும் விரலை எடுத்தார். அது அங்கேயே நின்றது. குப்பைத்தொட்டி வலது கோடிக்குப் போனது. கட்டில் இடது பக்கம் வந்தது. பிரிண்டர் கிறீச்சிட்டு ஓட, புதுமணத் தம்பதி காகிதத்தில் உயிர்த்து வந்தார்கள்.

எதையாவது பிடித்து இழுத்து, சரியான நேரத்தில் விட்டது வாழ்க்கையிலேயே இதுதான் முதல் தடவை என்று அவருக்குத் தோன்றியது.

முதலாளி வந்து பார்த்தார். "கெளம்புய்யா," என்றார்.

பொன்னுவேல் சமையல்கட்டில் கேட்டு, அக்காவின் கஞ்சிக்காக ஒரு தூக்குவாளியில் பால் வாங்கிக்கொண்டார். மதியத்துக்கே மஞ்சு இறங்கி ஏரி மறைந்திருந்தது. கேட்டைத் திறந்துவிட்ட பிச்சையாவின் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது.

"மிஷினு சரியாயிருச்சாண்ணே?"

"ஆயிருச்சுப்பா."

"நானும் இன்னைக்கு ஏமாறலைங்க. நீங்க உள்ள போன கொஞ்ச நேரத்துல அந்த ஜீப்புக்காரன் திரும்ப வந்து, இழுத்துக்கிட்டு கெடக்கு, அண்ணனை வெரசா வரச் சொல்லுங்கன்னு நேத்துச் சேதியவே சொன்னான். அது மிஷினுப்பா, அக்கா நல்லாத்தான் இருக்குன்னு வெளக்கிச் சொல்லி அனுப்பிட்டேன்."