ஆறு மாதம் என்றால் எவ்வளவு

இருந்த ஒரே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு அவன் குடும்ப நீதிமன்றத்துக்குப் போய்ச் சேர்ந்தால், வழக்கு தள்ளிப்போயிருந்தது.

"கம்ப்யூட்டர் தேதி தப்பாம் சார்," என்றார் சன்னலுக்குள் இருந்த பெண் எழுத்தர். "யாரோ புகார் குடுத்திருக்காங்க. ஆறு மாசம்னா நூத்தி எண்பது நாள் இல்லையாம்."

அவனுக்கு முகம் தொங்கிவிட்டது. அந்தத் தேதியைக் கணக்கிடும் புரோகிராமை எழுதியவனே அவன்தான். விவாகரத்து கேட்கும் தம்பதிகள் மனுப் போட்ட நாளிலிருந்து ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். எந்த நாளில் முடிகிறது என்று புரோகிராம் சொல்லும். மாதத்துக்கு முப்பது நாள் என்று எழுதிக் கொடுத்துவிட்டு மறந்துபோனான். அப்புறம் ஓர் ஆகஸ்ட் முப்பத்தொன்றாம் தேதி, அவனும் மனைவியும் மனுப் போட அதே வரிசையில் வந்து நின்றார்கள்.

சண்டை பெரிதாக ஒன்றும் இல்லை. "அஞ்சு நிமிஷத்துல வரேன்" என்று போனில் சொல்வான். மூன்று மணி நேரம் கழித்து வருவான். ஏழு வருடம் இப்படி. "உனக்கு அஞ்சு நிமிஷம்னா என்னன்னே தெரியலை," என்று சொல்லிவிட்டு அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு போனாள். அலமாரியில் அவள் பக்கம் இன்னும் காலியாகவே கிடந்தது. தன் சட்டைகளை அங்கே மாற்றி வைக்க அவனுக்குக் கை வரவில்லை.

அலுவலகத்தில் மேலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். "காலண்டர் மாசமா மாத்திடுப்பா."

மாற்றினான். ஆகஸ்ட் 31-இலிருந்து ஆறு மாதம் எண்ணினால் பிப்ரவரி 31 வந்தது. அப்படி ஒரு நாள் இல்லாததால் புரோகிராம் தானாகவே மார்ச் மூன்றுக்குத் தாவியது. அடுத்த புகார் அன்று மாலையே வந்துவிட்டது: இல்லாத நாளை வைத்துத் தேதி குறிப்பது செல்லாது.

"யார் சார் இவ்வளவு நுணுக்கமா பாக்குறாங்க?"

"யாரோ வேலைவெட்டி இல்லாதவங்க. நீ சரி பண்ணு."

நாளும் வேண்டாம், மாதமும் வேண்டாம் என்று எல்லாவற்றையும் மில்லி செகண்டில், அதாவது செகண்டை ஆயிரம் கூறாக்கி, எழுதினான். எண் கம்ப்யூட்டரில் அதற்கு ஒதுக்கிய இடத்தில் கொள்ளாமல், சுற்றிக்கொண்டு மைனஸில் போய் விழுந்தது. மறுநாள் காலையில் போன நோட்டீஸ்களின்படி, எல்லாத் தம்பதிகளும் மனுப் போடுவதற்குப் பதினெட்டு நாள் முன்பே பிரிந்திருந்தார்கள். அப்போது ஒன்றாகக் குடியிருந்தவர்கள் எந்தக் கணக்கில் சேர்த்தி என்று மூன்றாவது புகார் கேட்டது.

மேலாளர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இந்தத் தடவை ஊருக்கெல்லாம் அனுப்பாதே. முதல்ல உன் கேஸுக்கு மட்டும் போட்டுப் பாரு."

எண்ணுக்கு ஒதுக்கிய இடத்தைப் பெரிதாக்கினான். கண் எரிய இரண்டு முறை சரிபார்த்துவிட்டு, தன் வழக்குக்கு மட்டும் நோட்டீஸ் அனுப்பினான். மதியம்தான் உறைத்தது, மில்லி செகண்டை புரோகிராம் செகண்டாக எடுத்துக்கொண்டுவிட்டது என்று. அவனுடைய விவாகரத்து நானூற்றுத் தொண்ணூற்றைந்து வருடம் தள்ளிப் போயிருந்தது.

வேலை போனதுதான் என்று நினைத்துக்கொண்டு நீதிமன்றத்துக்கு ஓடினான்.

"மேடம், அந்த நோட்டீஸ் தப்பு. புகார் வர்றதுக்குள்ள திருப்பிக் குடுத்துடுங்க."

எழுத்தர் கோப்பைப் புரட்டினார். "புகார் ஒண்ணும் வரலையே."

"வரும். அந்த ஆளு விடமாட்டாரு."

"ஆளு இல்ல சார், பொம்பளை. மூணு தடவையும் இதே சன்னல்லதான் எழுதிக் குடுத்தாங்க. இன்னிக்கும் வந்தாங்க. நோட்டீஸை ரெண்டு தடவை நிதானமா படிச்சுட்டு, 'இந்தத் தேதி சரியா இருக்கு'ன்னு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டாங்க, உங்க வீட்டுக்காரம்மா."