பக்கத்து அட்டையில் பத்துக் குண்டு

எதையும் ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களைக் கண்டால் எனக்குப் பொறாமை. கேஸை அடைத்தேனா என்று நான் மூன்று தடவை பார்ப்பேன். மகளுக்குக் காய்ச்சல் இல்லாத நாளிலும் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். (தொட்டதும் லேசாகச் சுடுவது போலவே இருக்கும்.) அப்படிப்பட்ட நான், பார்க்க வேண்டிய ஒரே ஒரு இடத்தைப் பார்க்காமல் விட்டுவிட்டு, ஒரு போட்டியில் பத்துக் குண்டையும் அடுத்த பெண்ணின் அட்டையில் சுட்டுவிட்டு வந்தேன். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

தேனியில் ஒரு பழைய பஞ்சுக் கிடங்கில் ஏர் ரைபிள் கிளப் ஒன்று இருக்கிறது. யாழினி பிறந்த பிறகு என் கவலைகள் வீடு கொள்ளாமல் போனபோது, என் கணவர் சரவணன்தான் என்னை அங்கே சேர்த்துவிட்டார். சனிக்கிழமைகளில் இரண்டு மணி நேரம். மூச்சை அடக்கினால்தான் அங்கே சுட முடியும். மூச்சை அடக்கிய அந்த நேரத்தில் கவலைப்பட முடியாது. வாரம் முழுவதும் அந்த இரண்டு மணி நேரத்துக்காகவே காத்திருப்பேன்.

அதற்கும் ஒரு நாள் இடைஞ்சல் வந்தது. நான் சுட்டுக்கொண்டிருந்தபோது மூன்று வயது யாழினிக்குக் காய்ச்சல் அடித்தது. ஃபோன் லாக்கருக்குள். வெளியே வந்து பார்த்தால் சரவணனின் அம்மா, என் அத்தையிடமிருந்து பதினோரு அழைப்புகள். வீட்டுக்கு ஓடினேன். குழந்தை மருந்து குடித்துவிட்டு அத்தை மடியில் முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"ஆயுத பூஜை முடிஞ்சு ஞாயித்துக்கிழமை கிளப்ல போட்டி இருக்கு. நூத்துக்கு எழுபது எடுக்கலைன்னா நான் நிறுத்திடுறேன்" என்று அறிவித்தேன்.

"யாரு கேட்டா?" என்றார் சரவணன்.

யாரும் கேட்கவில்லை. ஆனால் சொன்னது சொன்னதுதான். இரண்டு நாள் கழித்து நிறுத்த எனக்குக் கொஞ்சமும் மனமில்லை என்று தெரிந்தபோது, வாக்கை மாற்றிக்கொள்வதற்குப் பதில், துப்பாக்கியில் பொருத்த ஒரு ரெட் டாட் வாங்குவது என்று முடிவு செய்தேன்.

ரெட் டாட் என்பது தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கருவி. அதில் ஒரு சின்னக் கண்ணாடி. அதன் வழியாகப் பார்த்தால் சிவப்புப் புள்ளி ஒன்று மிதக்கும். அந்தப் புள்ளியை இலக்கின் மேல் வைத்துச் சுட வேண்டும், அவ்வளவுதான். முறையான பந்தயங்களில் இதற்கு அனுமதி கிடையாது. எங்கள் கிளப் போட்டியில் எதை வேண்டுமானாலும் பொருத்திக்கொள்ளலாம்.

அவ்வளவுதான் என்று எழுதிவிட்டேன். தேர்ந்தெடுக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. பெரிய புள்ளி சட்டென்று கண்ணில் படும், ஆனால் இலக்கையே மறைத்துவிடும். சின்னப் புள்ளி துல்லியம், ஆனால் தேட வேண்டும். வாங்குவது என் துப்பாக்கியின் மேலே இருக்கும் பள்ளத்தில் உட்காருமா? எல்லாவற்றையும்விட, உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரியை யாழினி எடுத்து விழுங்கிவிட்டால்? பேட்டரி மூடி திருகாணி போட்டதாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவெடுத்தேன். சரவணன் நொந்துபோனார். "நான் பொண்ணு பாக்க வந்தப்ப இம்புட்டுக் கேள்வி கேட்டியா நீ?"

விற்றவர் ஃபோனில் ஓர் எச்சரிக்கையும் கொடுத்தார். "புள்ளி சிதறித் தெரிஞ்சாலோ ரெண்டாத் தெரிஞ்சாலோ சாமானைக் குறை சொல்லாதீங்க மேடம். அது கண்ணுல இருக்கிற குறை. வெளிச்சத்தைக் குறைச்சுப் பாருங்க, சரியாயிரும்."

இதை நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டேன்.

பயிற்சியில் எண்பது வந்தது. அதன் பிறகு ஆயுத பூஜை வந்தது.

"போட்டிக்குப் போற சாமான பூசைக்கு வைக்காம இருக்கலாமா?" என்றார் அத்தை. குழந்தை இருக்கும் வீட்டுக்குத் துப்பாக்கியைக் கொண்டுவர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அதனால் ரெட் டாட்டை மட்டும் கழற்றி டிபன் பாக்ஸில் எடுத்துவந்தேன். திரும்ப அதே இடத்தில் மாட்டுவதற்கு நெயில் பாலிஷால் கோடு போட்டுக்கொண்டேன். (இவ்வளவு கவனம் எனக்கு.) கிரைண்டர், ஸ்கூட்டர், லேப்டாப், தையல் மிஷின் என்று வரிசையாக எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டே வந்தேன். ரெட் டாட்டுக்கு எது நெற்றி என்று குழம்பி, கடைசியில் கண்ணாடியில் வைத்தேன்.

மறுநாள் துடைக்கப் போனபோது அத்தை தடுத்தார். "முழுசா அழிக்காத ஆத்தா. போட்டி முடியிற வரைக்கும் ஒரு கடுகளவாச்சும் இருக்கட்டும்."

பெரியவர்கள் சொன்னால் கேட்பவள் நான். கீழே வலது ஓரத்தில் கடுகளவு விட்டுவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கிளப்புக்குப் போனோம். எழுபது, எழுபது என்று காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அத்தை யாழினியோடு பின்பக்க பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எனக்கு இடது பக்கத்தில் சுருளிப்பட்டி ஜெனிபர், கல்லூரியில் படிக்கிற பெண். "பயமா இருக்குக்கா" என்றாள். "பயப்படாதே" என்று சொல்லும்போது என் பல் தந்தியடித்தது.

போட்டிக்கு முன் பழகிப் பார்க்க ஐந்து நிமிடம். துப்பாக்கியைத் தோளில் வைத்துக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

இரண்டு புள்ளிகள்.

படிக்கிற உங்களுக்கு விஷயம் தெரியும். எனக்குத் தெரியவில்லை. பயத்தில் பூஜை மறந்தது, குங்குமம் மறந்தது, நோட்டில் அடிக்கோடு போட்ட வரி மட்டும் நினைவுக்கு வந்தது. கண்ணில் குறை! இரண்டில் எது நிஜம்? நடுவில் இருந்த மெலிந்த புள்ளி என் கையோடு சேர்ந்து நடுநடுங்கியது. ஓரத்தில் இருந்த தடித்த புள்ளியோ கண்ணாடியில் ஆணி அடித்தது போல அசையாமல் நின்றது. நடுங்காதவர்களை நம்புவது என் சுபாவம். வெளிச்சத்தைக் குறைத்தேன். மெலிந்தது மங்கியது. இன்னும் குறைத்தேன். காணாமல் போனது.

பொய்ப் புள்ளி ஒழிந்தது என்று பெருமூச்சு விட்டேன். அதற்குள் ஐந்து நிமிடமும் முடிந்து விசில் அடித்துவிட்டார்கள்.

தடித்த புள்ளியை இலக்கின் கறுப்பு வட்டத்தில் வைத்தேன். மூச்சை அடக்கினேன். சுட்டேன். அட்டையின் வெள்ளையில் ஓட்டை எதுவும் இல்லை. கறுப்பில் விழுந்த ஓட்டை பத்து மீட்டரிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. வெள்ளையில் இல்லை என்றால் கறுப்பில்தானே இருக்க வேண்டும்! இரண்டாவது, மூன்றாவது. வெள்ளை அப்படியே சுத்தமாக இருந்தது. ஐந்தாவது குண்டில் மனசுக்குள் கணக்குப் போட்டேன். எழுபது இல்லை, இது தொண்ணூறு. எட்டாவதில், பரிசு வாங்கும்போது யாழினியையும் மேடைக்குத் தூக்கிக்கொண்டு போகலாமா என்று யோசித்தேன். இடது பக்கத்தில் ஜெனிபர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பாவம், சளி போல என்று நினைத்தேன்.

பத்தும் முடிந்தது. கயிற்றை இழுத்தால் அட்டை நம்மிடம் வரும். இழுத்தேன்.

அட்டை கடையில் வாங்கியது போலவே வந்தது.

திருப்பிப் பார்த்தேன். பின்பக்கமும் புதுசு. மூன்றாவது தடவையும் திருப்பிப் பார்த்தேன்.

"சார்!" என்று ஜெனிபர் கையைத் தூக்கினாள். கண் சிவந்திருந்தது. "நான் பத்துதான் சுட்டேன். இருபது ஓட்டை இருக்கு. மேல மூலையில விழுந்துக்கிட்டே இருந்துச்சு. நான்தான் தப்பாச் சுடுறேன்னு நெனச்சு நெனச்சு..."

பயிற்சியாளர் கனகராஜ் சார் அவள் அட்டையைப் பார்த்தார், என் அட்டையைப் பார்த்தார், என் துப்பாக்கியை வாங்கிக் கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

"மேடம், இது ஆஃப்ல இருக்கு."

"இல்ல சார், புள்ளி தெரியுதே."

அவர் விரலால் கண்ணாடியைத் தொட்டார். விரலைப் பார்த்தார். முகர்ந்தார்.

"குங்குமம்."

பின்பக்க பெஞ்சிலிருந்து அத்தையின் குரல் கணீரென்று வந்தது. "ஆமா சார், பூசைக்கு வச்சது! அழிக்க வேணாம்னு நாந்தேன் சொன்னேன்!"

ஜெனிபருக்குப் புது அட்டை கொடுத்துத் திரும்பச் சுட வைத்தார்கள். எனக்குப் பூஜ்யம். கனகராஜ் சார் சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னிடம் வந்து, அந்தப் பழைய அட்டையை நீட்டினார். மேல் மூலையில் என் பத்து ஓட்டைகள். அத்தையின் தைல டப்பா மூடியை வாங்கி மேலே வைத்தார். பத்தும் மறைந்தன.

"தலை ஒரு நூல் அசஞ்சிருந்தாலும் கண்ணாடியில இருக்கிற பொட்ட வச்சு இப்படிச் சுட முடியாது மேடம். அடுத்த தடவ உங்க அட்டையில சுடுங்க."

அந்த அட்டையை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். பழனிசெட்டிபட்டி வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். வாசலில் சரவணன் நின்றார். "நிறுத்திடுறேன்" என்றேன்.

"எழுபது எடுக்கலேன்னாத்தான நிறுத்துறேன்ன?" என்றார் அத்தை, செருப்பைக் கழற்றிக்கொண்டே.

"பூஜ்யம் அத்தே."

"ஒன் அட்டையில ஒண்ணு விழுந்துச்சா?"

"இல்ல."

"அப்ப நீ இன்னும் சுடவே இல்ல. சுடாத போட்டியில எங்கிட்டுத் தோக்குறது? போ, போயி மூஞ்சியக் கழுவு. சனிக்கெழம புள்ளய நான் பாத்துக்கிறேன்."

சரவணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நீ பேசாதடா. பொட்டு என்னுது" என்றார் அத்தை.

இரண்டு வருடம் ஆகிறது. சனிக்கிழமைகளில் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். ஜெனிபர் எப்போதும் எனக்கு வலது பக்கம் இடம் பிடிக்கிறாள். ஆயுத பூஜைக்கு நான் ரெட் டாட்டின் காலி அட்டைப் பெட்டியை மட்டும் கொண்டுவருகிறேன், அத்தை அதற்குப் பொட்டு வைக்கிறார். சரவணன் பீன்ஸுக்குப் பதில் அவரைக்காய் வாங்கிவந்தால், "பக்கத்து அட்டையில போட்டுட்டான்" என்பது அத்தையின் தீர்ப்பு.

போன வாரம் யாழினி பாலை டம்ளரில் ஊற்றாமல் மேஜையில் ஊற்றினாள். நான் கத்துவதற்குள் என் முகத்தைப் பார்த்து, மிகவும் பொறுப்பாகச் சொன்னாள்: "பக்கத்து அட்டைம்மா. ஆனா எல்லாம் ஒரே எடத்துல விழுந்திருக்கு பாரு."