கறுப்புத் திரைக்கு மரியாதை பழக்கிய வரலாறு

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்த பிறகு செய்த உருப்படியான காரியம், எங்கள் ஊர்ச் சனசமூக நிலையம் 'புதுப் பாவனையாளர் இலகுபடுத்தல் உபகுழு'வை அமைத்ததுதான். அதன் செயலாளர் நான் என்பதற்காக இதைச் சொல்லவில்லை.

நிலையத்தின் கலியாண மண்டபத்தைப் பதிவதற்கு எங்கள் ஊர்ப் பொடியன் தனோஜன் ஒரு மென்பொருள் எழுதியிருந்தான். வெறும் கறுப்புத் திரை. படமில்லை, பொத்தானில்லை. 'பதி' என்று தட்டி, திகதியையும் தட்டவேண்டும். அந்த நாளை வேறொருவரும் எடுத்திருக்காவிட்டால் 'பதிந்தாயிற்று' என்று சொல்லும். என்ன அநாகரிகம்!

"வாறவையை வாங்கோ எண்டு கேளாத சாமான் என்ன சாமான்?" என்று கொதித்தார் தலைவர் சிவசுப்பிரமணியம். "புதுச் சனம் பயந்து போகும்."

"ரெண்டு சொல்லுத்தானே ஐயா தட்ட வேணும்?" என்றான் தனோஜன்.

"அதுதான் பிழை. கதைக்காமல் ஆரும் மண்டபம் குடுக்கிறதோ? நாங்கள் நேரிலை கேக்கிறதெல்லாம் அதுவும் கேக்க வேணும்."

கூட்டத்துக்கு மேல் கூட்டம் கூடி, உழுந்து வடையை மென்று, மென்பொருளை மென்மையாக்கினோம்.

முதற் பாவனையாளராக வந்தவர் யசிந்தா. எங்கள் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்த ரீச்சர். தங்கச்சியின் கலியாணத்துக்குப் பங்குத் தந்தை ஒதுக்கிய நாள் ஒரே ஒரு சனிக்கிழமை. வேறெங்கும் மண்டபம் கிடைக்கவில்லை. எங்கள் மண்டபத்தை அன்றைக்கு ஒருவரும் எடுத்திருக்கவில்லை.

யசிந்தா 'பதி' என்று தட்டினார்.

'வாங்கோ பிள்ளை, இருங்கோ,' என்றது திரை. 'எவடம்?'

'குருநகர்.'

'கடற்கரைப் பக்கமோ? ஆற்றை பிள்ளை?'

'சந்தியோகின்ரை.'

'எந்தச் சந்தியோகு? அம்மா எவடம்?'

"தம்பி, திகதியை எங்கை தட்டுறது?" என்று கேட்டார் யசிந்தா.

"பொறுங்கோ ரீச்சர். அது இன்னும் சுகம் விசாரிச்சு முடிக்கேல்லை," என்றான் தனோஜன், நிலத்தைப் பார்த்தபடி. யசிந்தா அதற்கும் பதில் தட்டினார்.

'இஞ்சை உங்களுக்கு ஆரும் சொந்தக்காரர் இருக்கினமோ?'

'இல்லை.'

திரை சற்று நேரம் மினுங்கியது. பிறகு மிகுந்த பணிவோடு சொன்னது: 'குறை நினையாதேங்கோ பிள்ளை. யோசிச்சுச் சொல்லுறம். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ.'

தேத்தண்ணியை உண்மையாகவே கொடுத்தோம். யசிந்தா தொடவில்லை.

"அண்டைக்கு மண்டபம் இருக்கோ இல்லையோ, அதை மட்டும் சொல்லுங்கோ."

தலைவர் என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன்.

"கொம்பியூட்டர் யோசிக்குது பிள்ளை," என்றேன்.

அந்தச் சனிக்கிழமை மண்டபம் பூட்டியே கிடந்தது. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று பெருமையோடு அறிவித்தேன்: தனோஜனின் பழைய மென்பொருளில் இருந்தது ஒரே ஒரு குறைதான். அதற்கு ஆள் பார்த்து மண்டபம் கொடுக்கத் தெரியாது. நாங்கள் பழக்கிவிட்டோம்.