காதர் பாயின் கடைவாய்ப்பல்

பல் டாக்டருக்குப் பயமே கிடையாது என்று பலர் நினைக்கிறார்கள். நாங்கள் நடுங்குவது உங்களுக்கு எப்படித் தெரியும்? அந்த நேரத்தில் நீங்கள் கண்ணை இறுக மூடிக்கொண்டிருப்பீர்கள்.

எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்குப் போகிறவர்களை இன்றைக்கு முதலில் எங்களிடம்தான் அனுப்புகிறார்கள். அந்தச் சிகிச்சையின் மருந்து எதிர்ப்புச் சக்தியை அடியோடு துடைத்துவிடும். அப்போது ஒரு சொத்தைப் பல்லில் இருக்கிற சீழ் போதும், ஆளையே முடித்துவிட. எழுபதுகளில் நம் பக்கம் மாற்று சிகிச்சை ஏது? ரத்தப் புற்றுக்கு மருந்து மட்டும்தான். ஆனால் வாய் விஷயத்தில் அன்றும் இதே சட்டம்தான்.

செங்கல்பட்டில் நான் கிளினிக் திறந்து போர்டில் பெயிண்ட் கூடக் காயவில்லை. சதுரங்கப்பட்டினத்தில் ஜவுளிக் கடை வைத்திருந்த காதர் பாய் மனைவியோடு வந்தார். பாய்க்கு ரத்தப் புற்று; மெட்ராஸில் ரத்தம் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். கெட்டுப்போன கடைவாய்ப்பல்லை எடுத்து, புண் ஆறினால்தான் மருந்தை ஆரம்பிப்பார்களாம்.

"உங்க பக்கத்துல நல்ல டாக்டர் இருந்தா அங்கியே எடுத்துக்கோன்னாங்க. அதான் வந்துட்டோம்" என்றார் அவர் மனைவி நூர்ஜஹான். ('நல்ல' என்ற சொல்லிலேயே எனக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது.)

பல் சமர்த்தாக வந்துவிட்டது. தட்டில் வைத்தேன். ரத்தம் நிற்பதுதான் இனி முக்கியம். துணியை மடித்து வைத்துக் கடிக்கச் சொன்னேன்.

"பாய், நான் சொல்ற வரைக்கும் வாயத் தொறக்கவே கூடாது. தொறந்தா ரத்தம் நிக்காது."

அவர் தலையாட்டினார். நான் போய்க் கை கழுவிவிட்டுத் திரும்பினேன். தட்டில் பல் இல்லை.

மேசைக்கு அடியில் பார்த்தேன். குப்பைக் கூடையைக் கொட்டிப் பார்த்தேன். இல்லை. அப்படியானால் துணி வைக்கும்போது நழுவித் தொண்டைக்குள் போயிருக்க வேண்டும். நுரையீரலில் சீழ் பிடித்த பல்! இந்த உடம்புக்கு அது போதும். மருந்து ஆரம்பிக்கும் முன்னாலேயே நான் இவரைக் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். தட்டில் வைத்தது என் கைதான் என்பதோ, பல் உள்ளே போயிருந்தால் இந்நேரம் இருமிக் குலுங்கியிருப்பார் என்பதோ அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

"பாய், பல்ல முழுங்கிட்டீங்களா?"

அவர் வாயை இறுக்கிக்கொண்டு கையை ஆட்டி வாசல் பக்கம் காட்டினார். மூச்சு முட்டி, காற்று வேண்டும் என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அவரைக் குனிய வைத்து முதுகில் ஓங்கித் தட்டினேன். அவர் இன்னும் வேகமாக வாசலைக் காட்டினார். நான் இன்னும் ஓங்கித் தட்டினேன். கடித்திருந்த துணி சிவக்கத் தொடங்கியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"யா அல்லா! இன்னா டாக்டரம்மா, இவரப் போட்டு இப்படி அடிச்சிகினு கீறீங்க?"

வாசலில் நூர்ஜஹான். கையெல்லாம் மண்.

"பல்லக் காணோம்மா..."

"அத நான்தான் எடுத்தேன். ஒடம்புலேர்ந்து பிரிஞ்சத கண்ட எடத்துல போடுவாங்களா? நகமானாலும் முடியானாலும் மண்ணுக்குத்தான். பின்னால முருங்க மரத்தாண்ட பொதச்சிட்டு வரேன்."

எனக்கு உயிர் வந்தது. ஆனால் பாதிதான். வேர் நுனி உடைந்து உள்ளே தங்கியிருந்தால் அதுவும் ஆபத்து; பல்லை நான் கண்ணால் பார்த்தாக வேண்டும். புதுத் துணி வைத்து அழுத்தி, அந்த அம்மாவைக் கை கழுவ வைத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, வெள்ளைக் கோட்டோடு முருங்கை மரத்தடியில் மண்டியிட்டுத் தோண்டினேன். பல் கிடைத்தது. வேர்கள் முழுசாக இருந்தன. அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

ரத்தம் மெதுவாகத்தான் நின்றது. வாயைத் திறக்கலாம் என்றதும் பாய் நிதானமாகச் சொன்னார்: "டாக்டரம்மா, வாயத் தொறக்காதன்னு சொன்னதும் நீங்க, பதில் கேட்டு அடிச்சதும் நீங்க."

புண் ஆறியது. மெட்ராஸ் போனார். மாதங்கள் கழித்து, முடியெல்லாம் கொட்டிய தலையில் தொப்பியோடு, மெலிந்து, உயிரோடு வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் வாய் நிறையச் சிரித்தேன். நூர்ஜஹான் சிரிக்கவில்லை. "மொதல்ல முதுகுல கை வெக்க மாட்டேன்னு சொல்லுங்க" என்றார்.

இந்தக் கதையை வீட்டில் சொன்னதுதான் நான் செய்த தப்பு. இன்றும் என் கண்ணாடி காணாமல் போனால், என் கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே குனிந்து முதுகைக் காட்டுகிறார்.