ப்ரீஆம்ப்புக்கு எலுமிச்சம்பழம் வைத்த கதை

'தெரியாது' என்ற நாலெழுத்துச் சொல்லை வாய்விட்டுச் சொல்ல எனக்கு இருபத்தொன்பது வயதாயிற்று. அதுவரை யார் எதைக் கேட்டாலும் 'தெரியும்' என்றே சொல்லி வந்தேன். அதனால் பெரிய நஷ்டம் எதுவும் வந்ததில்லை, பிரிஞ்சாங் என்ற மலையூரில் அந்த ஞாயிற்றுக்கிழமை வரும் வரைக்கும்.

அப்போது நான் தேயிலைத் தோட்டத்து ஃபேக்டரியில் வயர்மேன். திருவிழா வந்தால் கோயில் மைக் செட்டும் என் பொறுப்பு. மைக் செட்டில் எனக்கு ஒரே கொள்கைதான். எத்தனை குமிழ் இருந்தாலும் எல்லாவற்றையும் கடைசி வரைக்கும் திருப்பிவிட வேண்டும். (மேல் லைன் வீடுங்கள்ல இருக்கறவங்களுக்கும் சாமி பாட்டு கேக்கணும்ல?)

தானா ராத்தா டவுனில் ஒரு பல் கிளினிக்கில் வேலை பார்த்த கவிதாவும் நானும் கல்யாணம் செய்துகொள்வதென்று மூன்று வருஷத்துக்கு முன்பே முடிவு செய்திருந்தோம். அந்த முடிவு அவள் அப்பா ராமையா அங்கிளுக்கு மட்டும் தெரிவிக்கப்படாமல் இருந்தது. அவர் பிரிஞ்சாங்கில் பூ வியாபாரி. சாமந்தியை லோரி லோரியாகக் கோலாலம்பூருக்கு அனுப்புகிறவர். ஒருவழியாக விஷயத்தைக் கேள்விப்பட்டு என்னைக் கூப்பிட்டனுப்பினார். குலம், கோத்திரம், சம்பளம் என்று பதில்களைத் தயார் செய்துகொண்டு போனேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"சவுண்டு செட்டு பத்தித் தெரியுமா தம்பி?"

"தெரியும் அங்கிள்."

அவருக்குப் பாட்டுப் பைத்தியம். ஆள் உயர ஸ்பீக்கர் இரண்டும் ஆம்ப்ளிஃபயரும் ஏற்கெனவே வீட்டில் இருந்தன. புதிதாக வெளிநாட்டு ப்ரீஆம்ப் ஒன்றை வரவழைத்திருந்தார். கடைக்காரன் வந்து மாட்டித்தர இரண்டு வாரம் ஆகுமாம். அவரால் பொறுக்க முடியவில்லை.

"ஞாயித்துக்கெழம வந்து மாட்டிக் குடு. பாட்டு நல்லாக் கேட்டுச்சுன்னா அன்னிக்குச் சாயங்காலமே ஒங்க அம்மாவ வரச் சொல்லிப் பேசிரலாம்."

அன்று இரவு கவிதா போன் செய்தாள். "சுரேன், தெரியலன்னா இப்பவே சொல்லிரு லா. அப்பா பொண்ணக்கூடக் குடுத்துருவாரு, அந்தப் பொட்டியத் தொட விடமாட்டாரு. ஒன்னைத் தொடச் சொல்லிருக்காருன்னா யோசிச்சுக்க."

நான் யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெட்டியைத் திறந்தோம். பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் வெள்ளைத் துணிக் கையுறை ஒரு ஜோடி, அப்புறம் ஒரே மாதிரி இரண்டு கருவிகள். ஒன்று கெட்டுப்போனால் மற்றொன்று என்று அங்கிளுக்கு விளக்கினேன். கவிதா குறிப்புப் புத்தகத்தைப் படித்துவிட்டு, ஒன்று ப்ரீஆம்ப், மற்றது அதற்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி, இரண்டையும் கேபிளால் இணைக்க வேண்டும் என்றாள். "அதத்தான் சொல்ல வந்தேன்," என்றேன்.

ப்ரீஆம்ப் என்பது, நான் அன்று தெரிந்துகொண்ட வரையில், தோட்டத்துக் கங்காணி மாதிரி. தானாக ஒரு வேலையும் செய்யாது. ரெக்கார்டு பிளேயர் சொல்வதை வாங்கி, எவ்வளவு சத்தமாகச் சொல்லலாம் என்று தீர்மானித்து, ஆம்ப்ளிஃபயரிடம் ஏவிவிடும். முன்பக்கத்தில் எண்ணே இல்லாத பெரிய வெள்ளிக் குமிழ் ஒன்று இருந்தது. ஏவுகிற அளவு அதில்தான்.

கவிதா படிக்கப் படிக்க வயர்களை மாட்டி ஸ்விட்சைப் போட்டேன். உள்ளேயிருந்த கண்ணாடி வால்வுகள் மெல்லச் சிவந்தன. அரை மணி நேரம் சூடேறிய பிறகே பாட்டுப் போட வேண்டும் என்று புத்தகம் சொன்னது. அந்த அரை மணி நேரம்தான் என்னைக் கெடுத்தது.

அங்கிள் எதிரே உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சும்மா உட்கார எனக்குக் கூச்சமாக இருந்தது. ஏதாவது செய்தாக வேண்டும்.

"அங்கிள், பூஜை போடலியே? எங்க ஃபேக்டரில பூஜை போடாம எந்த மிசினையும் ஓட்ட மாட்டோம்."

அவர் முகம் முதல்முறையாக மலர்ந்தது. ஒவ்வொரு லோரிக்கும் பூஜை போடுகிறவர். "பாத்தியா, இது பொறுப்பு!" என்று மகளிடம் சொன்னார். கவிதாவின் அம்மா சந்தனம், குங்குமம், வெற்றிலை, கற்பூரத் தட்டு எல்லாம் கொண்டுவந்தார். ப்ரீஆம்ப்புக்கு மூன்று பொட்டு, எனக்கு ஒன்று. கூடவே நாலு எலுமிச்சம்பழம். லோரி என்றால் சக்கரத்துக்கு அடியில் வைத்து நசுக்கலாம். இதற்குச் சக்கரம் இல்லையே என்று அங்கிள் கவலைப்பட்டார்.

"காலு நாலு இருக்கே அங்கிள்," என்றேன்.

"சுரேன், வேணாம்," என்றாள் கவிதா.

அங்கிள் பெட்டியைத் தூக்கிப் பிடிக்க, நாலு காலுக்கும் கீழே நாலு பழத்தை வைத்தேன். பிறகு இரண்டு கையாலும் அமுக்கினேன். முன்னால் இருந்த இரண்டும் நசுங்கின. பின்னால் இருந்தவை நல்ல காய். ப்ரீஆம்ப் முன்பக்கம் சரிந்து, சாற்றில் வழுக்கி, மேசையை விட்டுப் புறப்பட்டது. பாய்ந்து பிடித்தேன். கைக்கு அகப்பட்டது வெள்ளிக் குமிழ். அதையே இறுக்கித் திருகி இழுத்துப் பெட்டியை மேசைக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

"நல்ல கைப்பிடி," என்றார் அங்கிள், மூச்சு வாங்க.

பழங்களை எடுத்துத் துடைத்து வைத்தோம். ஸ்பீக்கரில் 'உஸ்' என்று ஒரு சத்தம் கேட்டது. சூடு நன்றாக ஏறிவிட்டதற்கு அதுதான் அடையாளம் என்று விளக்கினேன். முதல் பாட்டு மங்களகரமாக இருக்கட்டும் என்று அங்கிள் கற்பூரத்தை ஏற்றி, ஒரு நாதஸ்வர ரெக்கார்டை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, ஊசியை இறக்கினார்.

மைக் செட் வைத்த பதினோரு வருஷத்தில் நான் அப்படியொரு நாதஸ்வரத்தைக் கேட்டதில்லை. ஜன்னல் அதிர்ந்தது. தவில் சேர்ந்துகொண்டதும் இடது ஸ்பீக்கர் 'பட்' என்று உயிரை விட்டது. வலது ஸ்பீக்கர் தனியாகக் கெட்டிமேளம் கொட்டியது. கவிதா ஓடிப்போய்க் குமிழைத் திருப்பினாள். அப்புறம் வந்த அமைதியில் எனக்கு அழுகை வந்தது. மூன்று வருஷத்துக் காதலை இரண்டு எலுமிச்சங்காய் முடித்துவிட்டதே என்றுதான்.

அங்கிள் வாயைத் திறந்தார். அதற்குள் எதிர்வீட்டுச் சரோஜா ஆண்டி வாசலில் வந்து நின்றார். பின்னாலேயே இன்னும் ஆறேழு பேர். சந்தனப் பொட்டோடு நான், பக்கத்தில் கவிதா, நடுவில் வெற்றிலை, குங்குமம், எரியும் கற்பூரம்.

"என்னா லா ராமையா, மேளம் எல்லாம் வெச்சு நிச்சயம் பண்றீங்க, எங்களுக்கு ஒரு வார்த்த சொல்லலியே?"

அங்கிள் செத்த ஸ்பீக்கரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அந்த ப்ரீஆம்ப்பைப் பற்றி மூன்று மாதமாகப் பூ வியாபாரிகள் அத்தனை பேரிடமும் பெருமையடித்தவர் அவர். அதை எலுமிச்சம்பழத்தின் மேல் உட்கார வைத்தோம் என்று எந்த வாயால் சொல்வார்?

"இன்னிக்குச் சும்மா பூ வெக்கிறதுதான், சரோஜா," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "பெரிசா வெக்கிறப்ப கூப்புடுறோம்."

சரோஜா ஆண்டி போனில் ஒரு படம் எடுத்தார். நான் மலையிறங்கி வீட்டுக்குப் போவதற்குள் அந்தப் படம் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டிருந்தது. "பெத்தவ இல்லாம பூ வெச்சுட்டு வந்தியாடா?" என்று அம்மா விளக்குமாற்றோடு காத்திருந்தார்.

நாலாவது மாதம் கல்யாணம். அன்று மைக் செட்டைப் பார்த்துக்கொள்ளத் தெரியுமா என்று ஒருவர் கேட்டபோதுதான் அந்த நாலெழுத்தை முதல்முறையாகச் சொன்னேன். மாமாவாகிவிட்ட அங்கிள் இன்றுவரை அந்தக் காலையைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணத்திலும், கெட்டிமேளம் தொடங்கும்போது யாரும் மணமக்களைப் பார்ப்பதில்லை. என் கை எங்கே இருக்கிறது என்றுதான் பார்க்கிறார்கள். மாமாவின் ஏற்பாட்டின்படி அந்த நேரத்தில் என் இரண்டு கையிலும் கனமான பழத்தட்டு ஒன்று இருக்கும்.