மேலப் பக்கம் ஒரு பாத்ரூம்

கமோடு மொட்டை மாடியில் இருந்தது.

மூன்று வாரம் கழித்துத் தன் புது வீட்டைப் பார்க்க வந்த சௌந்தரராஜன் மாடிப்படி ஏறி, அங்கே புதிதாக முளைத்திருந்த அறையின் கதவைத் திறந்து, பார்த்துவிட்டுச் சாத்தினான். மறுபடி திறந்தான். அப்போதும் இருந்தது. வெள்ளை வெளேரென்று, ஸ்டிக்கர்கூடப் பிரிக்காமல்.

"மேஸ்திரி!"

கங்கப்பன் கரண்டியும் கையுமாக வந்தார். பாராட்டு வாங்கத் தயாராக வந்த முகம்.

"எப்படி சார்? ஜன்னலத் தெறந்தா காத்து பிச்சிக்கிட்டு வருது பாருங்க."

"இது ஏன்யா இங்க இருக்கு?"

"நீங்கதான சார் போன்ல சொன்னீங்க? பாத்ரூம் கீழ வேண்டவே வேண்டாம், மேல மாத்திடுன்னு."

"மேலன்னா மேலப் பக்கம்யா! சூரியன் மறையுமே, அந்தப் பக்கம்!"

"அது மேக்கால சார்."

"எங்க ஊர்ல அதுக்குப் பேருதான் மேல. கெழக்குன்னா கீழ. கோவில்பட்டிப் பக்கம் வந்து பாருங்க, மேலத்தெருன்னா மேக்க இருக்கிற தெரு. ஆகாசத்துலயா தொங்கிக்கிட்டு இருக்கும்?"

கங்கப்பன் யோசித்தார். வீட்டில் தெலுங்கு, சித்தாள்களிடம் கன்னடம், சார்களிடம் தமிழ் என்று மூன்று பாஷையில் வீடு கட்டுகிறவர் அவர். மூன்றிலும் இப்படி ஒரு 'மேல'யை அவர் கேட்டதில்லை.

"அட தேவுடா" என்றார்.

சௌந்தரராஜன் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். கமோடு எங்கே இருந்தால் என்ன என்று விட்டுவிட அவனால் முடியாது. ஓசூருக்கு வந்து பதினோரு வருஷம், ஆறு குடித்தனத்துக்கு ஒரே கக்கூஸ் உள்ள லைன் வீட்டில் இருக்கிறான். அப்பா ஒரே ஒரு தடவை வந்தார். விடிகாலையில் வாளியோடு வரிசையில் ஐந்தாவது ஆளாக நின்றார். அன்று சாயங்காலமே பஸ் ஏறிவிட்டார்.

"உனக்குன்னு ஒரு கக்கூஸ் கட்டிட்டுக் கூப்பிடுடா, வாரேன்" என்று ஜன்னல் வழியாகச் சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது அப்பாவுக்கு முழங்காலில் ஆபரேஷன். மூன்று வாரம் ஊரில் அவர் கட்டில் பக்கத்திலேயே இருந்துவிட்டுத்தான் சௌந்தரராஜன் திரும்பியிருக்கிறான். படியே ஏறக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. பால் காய்ச்ச வந்து அப்படியே மகனோடு தங்கிவிடுவதாக அப்பா வாக்குக் கொடுத்திருக்கிறார். அந்த வீட்டில் ஹாலும் கிச்சனும் பெட்ரூமும் சும்மா துணைக்கு வந்தவை. வீடே அந்த பாத்ரூம்தான்.

அதை எங்கே வைப்பது என்று அவனாக முடிவு செய்யவும் இல்லை. சொன்னவர் பக்கத்துத் தக்காளித் தோட்டத்துக் கரியப்பன். ராயக்கோட்டை ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் அந்த லேஅவுட் முழுக்க அவர் குடும்பம் ஒரு காலத்தில் மாடு மேய்த்த இடம். அஸ்திவாரத்துக்குக் கயிறு கட்டிய அன்று வரப்பில் நின்று பார்த்துவிட்டு, கிட்டே வந்தார்.

"சார், ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காதீங்க. பாத்ரூமக் கீழ வெக்காதீங்க. மேல வைங்க. கீழ வெச்சா குடியிருக்க முடியாது. ஏன்னா..."

ஏன் என்பதற்குள் ரோட்டில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. சௌந்தரராஜன் ஓடிவிட்டான். அப்பாவிடம் போனில் சொன்னபோது அவருக்கு ஒரே பூரிப்பு.

"கீழப் பக்கம் சூரியன் வர்ற திசை, அங்கன கக்கூஸ் வைக்கலாமா? மனையடி சாஸ்திரம் கரைச்சுக் குடிச்ச மனுசன் போலுக்கு. அவர் பேச்சத் தட்டாத."

கங்கப்பன் இப்போது மாடி அறையை வாஞ்சையோடு பார்த்தார். "இதும் இருந்துட்டுப் போவட்டுமே சார். மேக்கால இன்னொண்ணு கட்டிக்கலாம்."

சௌந்தரராஜனுக்கும் சபலம் தட்டியது. அப்பாவுக்கு போன் போட்டான்.

"மாடியில எந்த எடத்துல இருக்கு?" என்றார் அப்பா.

"பூஜை அலமாரிக்கு நேர் மேலப்பா."

"சாமி தலையில கக்கூஸாடா? ஒடைச்சு எறி!"

உடைத்தார்கள். கமோடும் உடைந்தது. கங்கப்பன் பென்சிலை எடுத்து, பூசாத சுவரில் கொட்டை எழுத்தில் எழுதினார். மேல என்றால் மேக்கால. கீழ என்றால் கெழக்கால.

"இனிமே தப்பே வராது சார்" என்றார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அந்த வாரம் முழுக்கக் கம்பெனியில் காலை ஷிப்ட். மெஷின் சத்தத்துக்கு நடுவில் சௌந்தரராஜன் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான். "மேஸ்திரி, தண்ணித் தொட்டிய மேல ஏத்திடுங்க. மறந்துராதீங்க, மேல!"

ஞாயிற்றுக்கிழமை மனைவி அனிதாவோடு வந்து பார்த்தான். ஆயிரம் லிட்டர் கறுப்புத் தொட்டி மேற்குக் காம்பவுண்டுச் சுவர் ஓரமாக, சின்ன மேடை ஒன்றில், எருமை படுத்த மாதிரி கிடந்தது. உள்ளே ஷவரைத் திருப்பினால் காற்றுதான் வந்தது.

"தொட்டி ஏன்யா தரையில கெடக்கு?"

கங்கப்பன் சுவரைக் காட்டினார். "மேல சார். எழுதியே வெச்சிருக்கேன்."

"தொட்டிக்கு மட்டும் மேலன்னா மேலய்யா!"

"அப்போ எது எதுக்கு மேலன்னா மேல, எது எதுக்கு மேலன்னா மேக்காலன்னு ஒரு லிஸ்ட் குடுத்துடுங்க சார். எனக்கும் பிபி இருக்கு."

இதற்குள் உள்ளே போன அனிதா ஒரு 'ஐயோ' போட்டாள். மேற்கில் மீதி இருந்த ஒரே இடமான மாடிப்படிக்கு அடியில் பாத்ரூமைக் கட்டியிருந்தார் கங்கப்பன். அதன் கூரை படியோடு சேர்ந்து சரிந்து இறங்கியது. புதுக் கமோடு சரியாகச் சரிவின் அடிவாரத்தில் இருந்தது. அப்பா ஆறடி ஆள்.

"மாமா உக்காந்துடலாங்க" என்றாள் நெற்றியைத் தடவிக்கொண்டு. "எந்திரிக்கத்தான் முடியாது."

பால் காய்ச்சப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. பத்திரிகை கொடுத்தாகிவிட்டது. அப்பாவுக்கு டிக்கெட்டும் போட்டாகிவிட்டது. சௌந்தரராஜன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

கங்கப்பன் மட்டும் கலங்கவில்லை. டேப்பை இழுத்து அளந்தார்.

"கூரையத் தூக்க முடியாது சார். தரைய எறக்கிடலாம். ரெண்டடி தோண்டினா தலையும் இடிக்காது, தொட்டியும் அசைய வேணாம். தண்ணி தன்னால எறங்கி வரும்."

அதில் ஒரு நியாயம் இருந்தது. அதுதான் கொடுமை. தோண்டினார்கள். ஷவரில் தண்ணீர் கொட்டியது. தலையும் இடிக்கவில்லை. உள்ளே இறங்க மட்டும் மூன்று படி வந்துவிட்டது.

"மாமா படி ஏறக் கூடாதுங்களே" என்றாள் அனிதா.

"இது எறங்கற படிதான மேடம்?"

"இறங்கினவரு ஏறி வர வேண்டாமா?"

படியை உடைத்துச் சரிவுப் பாதை போட்டார்கள். அதில் ஒட்டிய டைல்ஸில் முதல் ஆளாக கங்கப்பனே வழுக்கிக்கொண்டு போய்க் கமோடைக் கட்டிப் பிடித்தார். அதைப் பெயர்த்துவிட்டுச் சொரசொரப்பு டைல்ஸ் ஒட்டி, இரண்டு பக்கமும் ஸ்டீல் கைப்பிடி வைத்தார்கள். எல்லாம் முடிந்த சாயங்காலம் சௌந்தரராஜன் அந்தச் சரிவிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டான்.

"ஒரு கக்கூஸுக்கா இப்படி அழுவாங்க?" என்றாள் அனிதா.

"கக்கூஸ் இல்ல புள்ள. இந்தத் தடவையும் அவரு பஸ் ஏறிட்டா, அப்பறம் வரவே மாட்டாரு."

அவளும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

பால் காய்ச்சிய அன்று அப்பா வாக்கரோடு வந்து இறங்கினார். பாலைக்கூடப் பார்க்கவில்லை, நேராக பாத்ரூமுக்குப் போனார். கைப்பிடியைப் பிடித்துச் சரிவில் இறங்கினார். கதவைச் சாத்திக்கொண்டார். ஹாலில் அத்தனை சொந்தக்காரர்களும் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். உள்ளே தண்ணீர் இழுக்கும் சத்தம் கேட்டது. சௌந்தரராஜனுக்கு உயிர் வந்தது.

அப்பா வெளியே வந்து மகன் தோளில் கை போட்டார். "ராசா மாதிரி இருந்தேன்டா. இனி எங்கயும் போகல."

கங்கப்பன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பந்தி நடக்கும்போது மழை பிடித்தது. ஓசூர் மழைதானே, விட்டுவிடும் என்று எல்லாரும் இரண்டாவது தடவை பாயசம் வாங்கினார்கள். ஒரு மணி நேரம் கொட்டியது. எங்கேயோ 'குபுக், குபுக்' என்று சத்தம் வந்தது. குக்கர் என்று நினைத்தார்கள்.

சாப்பிட்டுக் கை கழுவிய அப்பா மறுபடி பாத்ரூம் பக்கம் போனார். கதவைத் திறந்தார். அப்படியே நின்றார்.

"ஏன்டா சௌந்தரு, இங்கன எதுக்குடா கெணறு வெட்டுன?"

கலங்கல் தண்ணீர் சரிவில் முக்கால்வாசி ஏறியிருந்தது. கமோடு தெரியவில்லை. பிளாஸ்டிக் மக்கு மட்டும் மிதந்து, மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றியது. அடியிலிருந்து இன்னும் குபுக் குபுக் என்று வந்துகொண்டே இருந்தது.

அப்பா வாக்கரைத் திருப்பினார். "சாயங்காலம் பஸ் எத்தன மணிக்குடா?" என்றார்.

கரியப்பன் தாம்பூலப் பையோடு கிளம்பிக்கொண்டிருந்தார். சௌந்தரராஜன் ஓடிப் போய் அவர் கையைப் பிடித்து இழுத்து வந்தான். "அண்ணே, நீங்க சொன்ன சாஸ்திரத்துல இம்மி பிசகல. மேலப் பக்கம்தான் வச்சேன். எனக்கு ஏண்ணே இப்படி?"

"நான் எங்க சார் சாஸ்திரம் சொன்னேன்?" என்றார் கரியப்பன். தண்ணீரைப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி மாடியைப் பார்த்தார். "இது ஏரிப் பள்ளம், மழை பேஞ்சா தண்ணி ஏறும், அதான் மேல வெக்கச் சொன்னேன். மேஸ்திரி மாடியில அழகா வெச்சிருந்தாரே, அத ஏன் சார் ஒடைச்சீங்க?"